பப்பாளி கொடுத்த மேனேஜரம்மா

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பட்டறையில் பப்பாளி உண்டு. மேனேஜரம்மா வீட்டுக் கொல்லையில் காய்த்த பழம். தோல் சீவி, விதை வழித்து, ஒரே அளவாக வெட்டி, எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொண்டுவருவார். டீக்கு முன்னால் தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். கொடுத்துவிட்டு நகர மாட்டார். வாயில் போட்டு, மென்று, தொண்டைக்குள் இறங்கும்வரை அங்கேயே நிற்பார். "இனிப்பா இருக்குதா?" என்பார். இனிக்கிறது என்று சொன்ன பிறகுதான் அடுத்தவளிடம் போவார்.

சேர்ந்த புதிதில், எவ்வளவு நல்ல மனசு என்று வீட்டில் போய்ச் சொன்னேன். இரண்டாவது வாரம் சகுந்தலா என்ற தையல்காரிதான் என் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல மனசா? யாரு முழுகாம இருக்கான்னு பாக்குது அது. முழுகாம இருக்கறவ பப்பாளி துன்னுவாளா?"

அதற்குப் பிறகு அந்தத் தூக்கைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கும்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வாடகைக் கட்டிடத்தில் எங்கள் பட்டறை இருந்தது. துணியில் யானை, கரடி, பூனை என்று பொம்மை தைத்து, பஞ்சடைத்து, கப்பலில் அனுப்புவோம். முதலாளி சுவீடன் நாட்டுக்காரர். மலையைப் பார்க்க வந்தவர், மனைவியோடு இங்கேயே வீடெடுத்துத் தங்கி, பொம்மைத் தொழிலையும் ஆரம்பித்துவிட்டார். தைக்கும் பெண்கள் அடி அண்ணாமலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வருவார்கள். நான் டைப்பிஸ்ட். முதலாளிக்குத் தமிழ் வராது, பெண்களுக்கு இங்கிலீஷ் வராது என்பதால் இரண்டு பக்கமும் பேசிச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

மேனேஜரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. சாவி குலுங்காமல் இருக்க அதை முந்தானையில் சுற்றிச் செருகியிருப்பார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே நடப்பார். சாமி இருக்கும் இடம் என்பதால் அல்ல. சத்தம் கேட்காமல் பின்னால் வந்து நிற்கத்தான். திரும்பினால் இருப்பார். "சும்மா வந்தேன்" என்பார்.

நூல் திருடுகிறார்களா, கத்தரிக்கோல் காணாமல் போகிறதா என்றெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. அவருடைய சந்தேகமெல்லாம் ஒன்றின்மேல்தான். கல்யாணமான ஒவ்வொருத்தியும் வயிற்றில் எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். புதிதாக ஒருத்தி சேர்ந்தால் பஞ்சு மூட்டையைத் தூக்கச் சொல்வார். தயங்கினால் போச்சு. தீபத்துக்கு மறுநாள் யார் யார் மலை ஏறினார்கள் என்று அன்பாக விசாரிப்பார். ஏறாதவளிடம் போய், "இன்னா, கால் வலியா?" என்பார். மாங்காய் கடித்தால் பார்ப்பார். திருநீற்றைக் கொஞ்சம் வாயில் போட்டாலும் பார்ப்பார். வாந்தியெடுத்தவளைத் தேடிப்போய்த் தண்ணீர் கொடுப்பார். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிக்க யாருக்கும் தைரியம் வராது.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவராம். அங்கே சட்டம் உண்டு. பிள்ளை பெறுகிறவளுக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். அதைத் தராமல் தப்பிக்க, வயிறு தெரிவதற்கு முன்பே ஆளை அனுப்பிவிடுவார்களாம். வயிறு தெரிவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒருவர் வேண்டுமே, அவர்தான் இவர். எங்கள் பட்டறைக்கு அந்தச் சட்டமே வராது. கரண்ட் இல்லாத, கால் மெஷின் ஓடும் இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் அது ஃபேக்டரி. மேனேஜரம்மா பத்தொன்பதில் நிறுத்தி வைத்திருந்தார். ஒருத்தி போனால்தான் இன்னொருத்தி. சட்டம் வராத இடத்தில் எதற்கு இந்தப் பப்பாளி என்றுதான் எனக்குப் புரியவில்லை. கை பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது.

சகுந்தலாவே ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டாள். துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, இனிக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினாள். மேனேஜரம்மா போகவில்லை. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். வாயில் பழத்தோடு எவ்வளவு நேரம்தான் உம் கொட்டுவது? கடைசியில் கைக்குட்டையில் துப்பினாள்.

"எத்தினி மாசம்?" என்றார் மேனேஜரம்மா.

"நாலும்மா."

"நல்லபடியா பெத்துட்டு வா. உன் மெஷின எங்கயும் போவாது."

மறுநாள் அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் என் கை எழுத்துக்களைத் தப்பாகத் தட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. அப்போது திருவண்ணாமலையில் டைப் படித்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். டைப் அடிக்க நாற்காலிதான் இல்லை. மாமியார் வீட்டில் என்னை வேலைக்கு அனுப்பியதே என் சம்பளத்துக்காகத்தான். அது நின்றால் அடுப்படியைத் தவிர வேறு இடம் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நாள் தள்ளிப்போனபோது சந்தோஷப்படுவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை எப்போது என்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் பல்வலி என்று தப்பித்தேன். மூன்றாவது வாரம், துண்டை வாங்கி வாயில் போட்டு, ஃபோன் வந்தவள்போல எழுந்து வேகமாகப் பின்கட்டுக்குப் போனேன். எங்களிடம் ஃபோனே கிடையாது. வேலியோரம் துப்பிவிட்டு நிமிர்ந்தால், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் மேனேஜரம்மா நிற்கிறார். முன்பக்கம் தூக்கோடு நின்றவர் எப்படி எனக்கு முன்னால் அங்கே வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கீழே கிடந்த பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கசந்துச்சா?"

"இல்லம்மா. பல்லு..."

"உம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் பப்பாளி கொண்டுவந்தபோது என் மேஜைக்கு வராமலேயே திரும்பிப் போனார். சகுந்தலாவை ஒரே நாளில் அனுப்பியவர் என்னை ஏன் விட்டுவைத்திருக்கிறார்? புது டைப்பிஸ்ட் கிடைக்கும்வரை வைத்திருக்கிறார் என்று தோன்றியது. அவர் யாரிடம் பேசினாலும், அங்கே டைப் தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று பார்த்தேன். வாசலில் புதிதாக ஒரு சைக்கிள் நின்றால்கூட யாருடையது என்று போய் விசாரித்தேன்.

அப்போதுதான் முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நடுவில் நின்று பேசினார். அவர் மனைவி உண்டாகியிருந்தார். அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். குழந்தை பிறக்கத் தங்கள் நாட்டுக்குப் போகிறோம், பிறந்ததும் நானும் லீவு எடுக்கிறேன் என்றார். அவர்கள் நாட்டில் பிள்ளை பெற்றால் ஆறு மாதத்துக்கு மேல் லீவாம். அதை அம்மாவும் எடுக்கலாம், அப்பாவும் எடுக்கலாமாம். சம்பளமும் வருமாம். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

அப்பாவுக்கு லீவு என்றதும் பெண்கள் மெஷின்மேல் சாய்ந்து சிரித்தார்கள்.

"ஆம்பளைக்கு இன்னாத்துக்கு லீவு? அவனா பால் குடுக்கப்போறான்?"

மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "லீவு எடுத்துக்கினு அவன் ஊட்லதான் இருக்கறான்னு யாரு பாக்கறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் முதலாளியிடம் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். என் பட்டறையில் இருக்கும் பெண்களும் எங்கள் நாட்டுப் பெண்களைப் போலத்தான், உங்களுக்கும் இனி ஆறு மாத லீவு, சம்பளத்தோடு என்றார். அதைத் தமிழில் இரண்டு தடவை சொன்னேன். பெண்கள் கைதட்டக்கூட இல்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாசம் ஊட்டுக்குப் போன்னு சொன்னா கம்பெனிய மூடப்போறாங்கன்னு அர்த்தம் என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

மேனேஜரம்மா என் பக்கத்தில் வந்தார். "அவர் சொன்னதா, நீயா சேத்துக்கினியா?"

"அவர்தாம்மா சொன்னார்."

"யார் கையிலேர்ந்து?"

"என்னம்மா?"

"சம்பளம். யார் கையிலேர்ந்து குடுக்கப்போறாரு? கேளு."

சந்தோஷமான நேரத்தில் இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்கவில்லை.

அந்த நாட்களில் பொம்மை வாங்க ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்துபோவார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறையெடுத்துத் தங்கியிருந்தவர். மேனேஜரம்மா அவரைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்கச் சொன்னார், உங்க ஊர்ல எப்படி என்று. அவர் தோளைக் குலுக்கினார். எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது, நல்ல கம்பெனியாக இருந்தால் ஏதாவது தருவார்கள், இல்லாவிட்டால் உடம்பு சரியில்லாவிட்டால் எடுக்கச் சேர்த்துவைத்த லீவை எடுக்க வேண்டியதுதான், அதுவும் தீர்ந்தால் வேலையை விட வேண்டியதுதான் என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. வெள்ளைக்காரர் நாடு எல்லாம் ஒரே நாடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மேனேஜரம்மாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தம்மா ஒண்ணுதான் நெசம் பேசுது" என்று சொல்லி அவருக்கு இரண்டு துண்டு பப்பாளி கொடுத்தார்.

பத்து நாள் கழித்து முதலாளி என்னையும் மேனேஜரம்மாவையும் அறைக்குக் கூப்பிட்டார். அந்த லீவுச் சம்பளத்துக்கு எந்த அரசாங்க ஆபீசில் மனு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்ல, மேனேஜரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சுவீடனில் லீவுச் சம்பளத்தை முதலாளி கொடுப்பதில்லை, அரசாங்கம் கொடுக்கிறது. இவர் எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிட்டார். இங்கே முதலாளி தன் கையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் ஃபேக்டரியாக இருந்தால்தான் என்று மேனேஜரம்மா விளக்கினார். முதலாளியின் காது சிவந்தது. ஜன்னல் வழியாக மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு என்னிடம், "இதை அவருக்குச் சொல்" என்று ஆரம்பித்தார். "லீவு பற்றி நான் சொன்னது தவறான தகவலால் சொன்னது. நான் இல்லாதபோது எந்தப் பெண்ணாவது அந்த நிலையில் இருந்தால், உள்ளூர் வழக்கம் எதுவோ அதன்படி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். நான் ஊருக்குப் போன பிறகு சொன்னால் நல்லது" என்றார்.

அந்த நிலையில் இருந்தவள் நான்தான். முதலாளிக்கு அது தெரியாது. என்னை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லும் உத்தரவை என் வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். மேனேஜரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைக் கொசுவத்துக்கு மேலே, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தேன்.

"சரின்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். முதலாளி நிம்மதியாகக் கைகூப்பினார்.

"நல்ல பேரு அவருக்கு, கெட்ட பேரு எனக்கா?" என்றார் மேனேஜரம்மா, அதே குரலில், சிரித்த முகமாக. "இத சொல்லாத."

முதலாளி குடும்பத்தோடு விமானம் ஏறினார். நான் தினமும் காலையில், இன்று அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டே பட்டறைக்கு வந்தேன். ஐந்தாவது மாதம் வயிறு முந்தானைக்கு அடங்கவில்லை. ஒரு நாள் மேனேஜரம்மா வேலூருக்கு பஸ் ஏறினார். எங்கள் மாவட்டத் தலைநகரம் அப்போது அதுதான். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கேதான் டைப் இன்ஸ்டிட்யூட்டுகள் ஜாஸ்தி, எனக்கு மாற்று ஆள் பிடிக்கத்தான் போகிறார் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வாரம் சகுந்தலா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மேனேஜரம்மா கூப்பிட்டனுப்பினாராம். யாரும் வேலையைவிட்டுப் போகவில்லை, யாரும் நின்றுவிடவில்லை. ஆனாலும் ஒரு பழைய மெஷினைத் துடைத்து ஜன்னலோரம் போட்டு அவளை உட்காரவைத்தார். பத்தொன்பதுக்கு மேல் ஆள் எடுத்து நாங்கள் பார்த்ததே இல்லை.

நாலு நாள் கழித்து வேலூரிலிருந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். தலைகளை எண்ணினார். இது ஃபேக்டரிதான் என்று சொல்லி, சட்டத்தை அச்சடித்த பெரிய தாளைச் சுவரில் மாட்டச் சொன்னார். நான் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எப்படி சார் இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு அம்மா நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க. பேரு வேணாம்னாங்க. செருப்ப வெளியவே கழட்டிட்டு ஆபீசுக்குள்ள வந்தாங்க."

அவர் போன பிறகு மேனேஜரம்மா அந்தத் தாளுக்குக் கீழே வந்து நின்றார். "புள்ள பெறுறது எங்க போட்டிருக்குது? படி" என்றார். படித்தேன். மூன்று மாதச் சம்பளம், லீவில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. அவர், சுவரில் தாள் கோணலாக இருக்கிறது என்று ஆணியை அடித்துச் சரிசெய்தார்.

நான் நன்றி சொல்லவில்லை. நம்பினால்தானே நன்றி வரும்? இதில் அவருக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது, முதலாளியைப் பழிவாங்குகிறார், அதில் என்னையும் சிக்கவைப்பார் என்றுதான் நினைத்தேன். வாராவாரம் பப்பாளி கொடுத்தவரை ஒரு தாளை மாட்டியதற்காக நல்லவர் என்று எப்படி நம்புவது? லீவு எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். மகன் பிறந்தான்.

பையனுக்கு ஒரு மாதம் ஆனபோது, மத்தியான பஸ்ஸில் மேனேஜரம்மா வந்து இறங்கினார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அம்மா வாசலிலேயே எனக்குக் கண்ணைக் காட்டினாள், குழந்தையை வெளியே கொண்டுவராதே என்று.

"ஆம்பள புள்ளயா?"

"ஆமாங்கம்மா. தூங்கறான்."

"தூங்கட்டும். எழுப்பாத." முற்றத்தில் காயப்போட்டிருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். "லீவு முடிஞ்சதும் வந்துருவ இல்ல?"

"வந்துருவேம்மா."

"மாமியா ஊட்ல தடுத்தா?"

"வந்துருவேன்."

"அன்னிக்கே வரணும். ஒரு நாள் தள்ளக்கூடாது. பஸ்ஸு வரலன்னா கடல லாரியில ஏறியாவது வா." அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

"வேவு பாக்க வந்துட்டுப் போறா. நெசமாவே பெத்தியான்னு பாக்க கம்பெனியில அனுப்பியிருக்காங்க" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோம்.

லீவு முடிந்த அன்று காலை நான் பட்டறைக்குப் போனபோது மேனேஜரம்மா நாற்காலியில் மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். சகுந்தலாவிடம் போனேன்.

"அந்தம்மா எங்க?"

"உனக்குத் தெரியாதா? தொர ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. போன மாசமே. வேலக்காரங்கள சந்தேகப்படறது எங்க நாட்டு வழக்கம் இல்லன்னு எல்லாரயும் நிக்கவெச்சு இந்த மீசக்காரரு மூலமா சொன்னாரு. நாங்க கைகூட தட்டுனோம்."

"போன மாசம் எங்க ஊட்டுக்கு வந்தாங்களே!"

"அனுப்பினதுக்கு அப்பாலதான் வந்திருக்கும்" என்றாள் சகுந்தலா. ஊசியில் நூல் கோக்க அவளுக்கு இரண்டு தடவை தவறியது. "இந்த ஊர் பொம்பளைங்க லீவு குடுத்தா திரும்பி வரமாட்டாங்கன்னு தொர அந்தம்மாகிட்ட சொன்னாராம். நீ வரலன்னா அவரு சொன்னது நெசமாயிடும் இல்ல?"

நான் நிமிர்ந்து அந்தத் தாளைப் பார்த்தேன். பிள்ளை பெற்றவளை நீக்கக் கூடாது என்று சுவரில் மாட்டியிருந்தது. மாட்டியவரை நீக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அந்த மனுஷி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் யாரும் தயாராக இல்லை.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். தன் மகள் படத்தைக் காட்டினார். பிறகு உற்சாகமாக, ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு அட்டை கட்டி அனுப்பப்போகிறோம், உடனே அடித்துக் கொடு என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் டைப்ரைட்டர்முன் உட்கார்ந்தேன். எங்கள் பட்டறையில் தாய்மார்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, எங்கள் நாட்டின் நல்ல வழக்கத்தை நாங்கள் இந்தியாவுக்கும் கொண்டுவந்திருக்கிறோம் என்பது வாசகம். என் விரல்கள் ஒரு நிமிஷம் எழுத்துக்களின் மேலேயே நின்றன. எனக்கு அந்த வேலை வேண்டும். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.